ஸ்டாண்டர்டு ஹெரால்டு: வீட்டிலேயே பழைய காரைச் சீரமைக்க விரும்புவோருக்கான மதிப்பீடு

தன் கையாலேயே ஒரு பழைய காரை முழுக்கப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நம் ஊரில் பெரும்பாலும் அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோதான் முதலில் தேடிப் போகிறார்கள். ஏராளமாக ஓடிய வண்டிகள், எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை தெரிந்திருக்கும் என்பதால் அந்தத் தேர்வைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வேலைக்குப் போய்வரும் ஒருவர், விடுமுறை நாள்களில் மட்டும், வீட்டுக் கார் ஷெட்டின் இடத்துக்குள், பெரிய பட்டறைச் சாதனங்கள் எதுவும் இல்லாமல் செய்யப்போகும் வேலை என்றால் என் பரிந்துரை ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். அது அழகான வண்டி என்பதோ, சாலையில் அரிதாகிவிட்டது என்பதோ இதற்குக் காரணம் அல்ல. அந்தக் கார் கட்டப்பட்டிருக்கும் விதமே காரணம். ஆகவே இந்த மதிப்பீட்டில் வேகத்தையும் சொகுசையும் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. ஸ்பேனரைக் கையில் எடுப்பவருக்கு ஹெரால்டு எவ்வளவு ஒத்துழைக்கிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதையே பேசப்போகிறேன்.

முதலில் இந்த வண்டியின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் சீரமைப்பு வேலையின் சுலபம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் நிறுவனம் 1950களில் ஒரு புதிய சிறு காரைத் திட்டமிட்டபோது, அதற்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனம் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) கைக்குப் போயிருந்தது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர வேறு ஆள் கிடைக்காத நிலையில், பாடியைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து, தனியான ஒரு சேசிஸின், அதாவது இரும்பு அடிச்சட்டத்தின், மேல் போல்ட் போட்டு இணைப்பது என்று முடிவு செய்தார்கள். அன்றைக்கு மற்ற கார்கள் எல்லாம் சேசிஸே இல்லாத ஒற்றைக் கூட்டுப் பாடிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் என்பதால் இது ஒரு படி பின்னால் போவதாகத் தெரிந்திருக்கும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்து கொடுத்த உருவத்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959 ஏப்ரலில் வெளிவந்தது. ஒரு நிர்ப்பந்தத்தால் எடுத்த அந்த முடிவு, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து அதைச் சீரமைப்பவருக்குப் பெரிய வரமாக வாய்த்திருக்கிறது.

சென்னையை ஒட்டிய வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் இதே காரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. பிரிட்டனில் இருந்த இரண்டு கதவு வண்டியே இங்கும் முதலில் வந்தது; பின்னால் இந்தியக் குடும்பங்களின் வசதிக்காக, பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு வண்டி ஒன்றை இங்கேயே உருவாக்கினார்கள். 1972இல் அதன் முகத்தை மாற்றி, பின் ஆக்சிலையும் மாற்றி, கேஸல் என்ற பெயரில் விற்றார்கள். மதராஸின் மண்ணில் செய்யப்பட்ட கார் ஒன்றைத் தேடிப் பிடித்து உயிர்ப்பிப்பதில் எனக்குத் தனிப்பட்ட பற்று உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பற்றை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் என் தீர்ப்பு மாறாது.

இப்போது வண்டியைப் பிரிக்கத் தொடங்குவோம். ஹெரால்டின் பானெட்டும் முன் பக்கத்து இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டு. இருபுறமும் முன் சக்கரத்துக்குப் பின்னால் வெளியே தெரியும் கொக்கிகளை விடுவித்து, முன்பக்கமாகத் தூக்கிச் சாய்த்தால், இன்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே வீச்சில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்க்கலாம். முதுகை வளைக்க வேண்டிய அவசியமே இல்லை. கேபினுக்குள் சீட்டுகளையும் கார்ப்பெட்டையும் எடுத்துவிட்டு நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றினால், கியர்பாக்ஸை வண்டிக்கு உள்ளிருந்தே வெளியே எடுக்கலாம். வண்டிக்கு அடியில் குழி தோண்டாமல், லிஃப்ட் இல்லாமல், ஒரு சாதாரண வீட்டு ஷெட்டில் கிளட்ச் பிளேட் மாற்ற முடிகிற கார்கள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

பாடியும் அப்படித்தான். கூரை தனியாகக் கழன்று வரும். டேஷ்போர்டை ஒட்டிய முன் பகுதி ஒரு துண்டு, சீட்டும் டிக்கியும் கொண்ட பின் பகுதி இன்னொரு துண்டு. இரண்டும் நடுவில் போல்ட்டால் சேர்க்கப்பட்டு, சேசிஸின் மேல் இறுக்கப்பட்டிருக்கின்றன. கதவுகளுக்குக் கீழே ஓடும் சில்லுகளும் போல்ட்டில் தொங்குகிற தகடுகளே தவிர, பாரம் தாங்கும் உறுப்புகள் அல்ல. இதன் அருமை, பத்மினியையோ அம்பாசிடரையோ ஒரு முறையாவது தட்டிப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அந்த இரண்டு வண்டிகளிலும் தனி சேசிஸ் கிடையாது. சில்லும் தரையும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. அவற்றில் சில் துருப்பிடித்துப் போனால் வண்டியையே அளவெடுத்து, முட்டுக்கொடுத்து, வெட்டி, வெல்டு வைக்க வேண்டும். அனுபவம் இல்லாத கை பட்டால் கதவு மூடாத அளவுக்குப் பாடி கோணிவிடும். ஹெரால்டில் அதே துரு வந்தால் போல்ட்டைக் கழற்றி, தகட்டைக் கீழே இறக்கி, மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். கூரையும் பானெட்டும் போன பிறகு, பின் பகுதியைத் தூக்கி வைக்க நான்கைந்து நண்பர்கள் போதும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே அவசியம். சேசிஸிலிருந்து விடுபட்டதும் இந்தப் பாடி மிகவும் நெகிழ்ந்துவிடும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்பே கதவு வாசல்களின் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்து முட்டுக்கொடுத்து, மூலைக்கு மூலை அளவெடுத்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில், போல்ட் போட்ட இடங்களில், சில தகட்டு வாஷர்கள் அடுக்கப்பட்டிருக்கும். எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்பதைப் படமெடுத்து, அந்தந்தப் போல்ட்டோடு ஒரு பையில் போட்டு முடிந்து வைப்பது நல்லது. கதவின் இடைவெளி கடைசியில் சீராக வருமா வராதா என்பதை அந்தச் சிறு வாஷர்களே தீர்மானிக்கின்றன. பூட்டும்போது பானெட்டைக் கதவோடு ஒத்துவரச் செய்வது இந்த வண்டியில் பொறுமையை அதிகம் சோதிக்கும் வேலை. பானெட்டின் கீல், கதவின் கீல், பாடியின் உயரம் ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று பாதிக்கும். பின்னாலிருந்து தொடங்கி முன்னோக்கி வருவதுதான் சரியான வரிசை.

பாடி இறங்கியதும் சேசிஸ் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும். நடுவில் ஓடும் இரண்டு நீளச் சட்டங்களும், அவற்றிலிருந்து இருபுறமும் கைபோல நீளும் குறுக்குச் சட்டங்களும், ஓரச் சட்டங்களும்தான் அதன் அமைப்பு. நடுச் சட்டங்கள் பொதுவாகத் தப்பித்துவிடுகின்றன. இன்ஜின் கசியவிடும் ஆயிலே அவற்றுக்கு ஒரு பாதுகாப்பாகிவிடுகிறது. அழிவது பக்கவாட்டுக் கைகள்தான், அதிலும் பின் சக்கரங்களுக்கு முன்னாலும் டிக்கிக்கு அடியிலும் இருப்பவை. சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கே தங்கி, மழைக்காலம் முழுவதும் ஈரம் காயாமல் உட்கார்ந்திருக்கும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இருந்த வண்டி என்றால் அந்தச் சட்டங்களைச் சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது; சொத்தென்று ஒலித்தால் உள்ளே துருவும் மண்ணும்தான் இருக்கின்றன. வண்டி வாங்கப் போகும்போது செய்ய வேண்டிய முதல் சோதனையும் இதுவே. பழைய உரிமையாளர் பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் வண்டியைவிட, பெயின்ட் உரிந்து சேசிஸ் கெட்டியாக இருக்கும் வண்டியே சீரமைப்பவருக்கு லாபம்.

சிறு உதிரிகளின் துருவை நீக்க நான் பரிந்துரைப்பது சலவைச் சோடா கரைத்த நீரில் செய்யும் மின்பகுப்பு முறை. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பேட்டரி சார்ஜர், வேண்டாத இரும்புத் தகடு ஒன்று இருந்தால் போதும். பழுது பார்க்கும் பொருளைச் சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், வேண்டாத தகட்டைப் பாசிட்டிவ் முனையிலும் கட்ட வேண்டும். துரு மட்டும் கழன்று, நல்ல இரும்பு அப்படியே நிற்கும் என்பதுதான் இதன் சிறப்பு. ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பாசிட்டிவ் பக்கத்தில் எக்காரணம் கொண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தக் கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சுக் கழிவாகத் தண்ணீரில் இறங்கும். பெரிய தகடுகளுக்கு எமரியும் வயர் பிரஷும்தான். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் உலரத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே உடம்புக்கு நல்லது.

இன்ஜின் எளிமையானது: 948 சி.சி., நான்கு சிலிண்டர், 63 மில்லிமீட்டர் போர், 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், மூன்று மெயின் பேரிங். 1953இல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட் காரின் 803 சி.சி. இன்ஜினிலிருந்து வளர்ந்தது இது. ஒரு செயின் பிளாக்கும், அதைத் தொங்கவிட உறுதியான உத்தரமும் இருந்தால் வீட்டிலேயே இறக்கிவிடலாம். வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒருவரை உள்ளே உட்கார்ந்து கிளட்ச் பெடலை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். பெடல் இறங்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், பின் மெயின் பேரிங்கில் கிராங்க் தண்டை முன்பின் நகராமல் நிறுத்தும் பிறைநிலா வடிவத் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அந்த நிலையிலேயே கண்டுபிடித்தால், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பை இறக்கி, இன்ஜினைக் கழற்றாமலே புது வாஷர் போட்டுவிடலாம். கவனிக்காமல் ஓட்டினால் வாஷர்கள் நழுவிச் சம்ப்பில் விழும்; பிறகு கிராங்க் நேரடியாகப் பிளாக்கை அரைக்கத் தொடங்கும்; அதன்பின் அந்தப் பிளாக்கை மீட்பது மிகவும் கடினம்.

போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வ் சீட் வேலைகளை நல்ல மெஷின் ஷாப்பிடம் கொடுத்துவிடுவதுதான் அறிவு. அங்கே கொடுக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையங்களைப் பொருத்தித் தரச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைக்கப்பட்டது; அந்த ஈயமே வால்வ் சீட் தேயாமல் காத்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. எத்தனால் பழைய ரப்பரை ஊதவும் உரியவும் செய்யும்; காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வதால், நாள்கணக்கில் நின்றே கிடக்கும் வண்டியின் இரும்பு டேங்கை உள்ளிருந்து அரிக்கும். ஆகவே பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் எரிபொருள் ஹோஸ்களும் எத்தனாலைத் தாங்கும் வகையாக இருந்தாக வேண்டும். பழைய ஹோஸ் பார்க்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவைப்பது தீயை வீட்டுக்குள் அழைப்பதற்குச் சமம்.

இந்தக் காரில் ஒரே ஒரு உறுப்பைப் பற்றி மட்டும் பேச எனக்கு இடம் தந்தால் முன் சக்கரத்தின் ட்ரன்னியனைத்தான் தேர்ந்தெடுப்பேன். முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டின் கீழ் முனையில் மரை வெட்டியிருப்பார்கள். அந்த மரை, கீழே இருக்கும் பித்தளை நிற ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தத் தண்டு தன் மரையிலேயே சற்றுத் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில்; கிரீஸ் அல்ல. ஆனால் ஆயில் செலுத்தும் துளை பார்ப்பதற்குக் கிரீஸ் போடும் இடம் போலவே இருப்பதால், பல பட்டறைகளில் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிடுகிறார்கள். அந்தக் கிரீஸ் நாளடைவில் கெட்டிப்பட்டு, மரையின் அடிவரை எண்ணெய் போகாமல் அடைத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் நீர் இறங்குகிறது. தண்டு துருப்பிடித்து மெலிகிறது. ஒருநாள் வளைவில் திரும்பும்போது ஒடிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடுகிறது. வாங்கிய வண்டியில் இதுவரை என்ன போட்டிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. எனவே இரண்டு பக்கத்தையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரை முடிந்து தண்டு தொடங்கும் கழுத்துப் பகுதியில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டுகிற பள்ளமோ, பழுப்பு நிறப் புள்ளிகளோ தென்பட்டால் அந்தத் தண்டை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. மாற்றும்போது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிர் எதிர்த் திசையில் இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கிரீஸ் கன்னிலேயே கியர் ஆயிலை நிரப்பி, மேலே பிதுங்கி வரும் வரை செலுத்துவதுதான் முறை.

பின் சஸ்பென்ஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குறுக்கே கிடக்கும் ஒரே லீஃப் ஸ்பிரிங்கும், டிஃபரென்ஷியலிலிருந்து இருபுறமும் ஊசலாடும் ஆக்சில்களும் கொண்ட அமைப்பு அது. பின் ஹப்பை ஆக்சிலிலிருந்து இழுப்பதற்கு உறுதியான தனிப் புல்லர் தேவை. சுத்தியால் அடித்துக் கழற்ற முயன்றால் ஆக்சில் வளையும். அந்த ஒரு வேலையை மட்டும் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்நோக்கி மடங்கும் குணம் இந்த அமைப்புக்கு உண்டு. ஓட்டுகிறவர் அதை அறிந்திருக்க வேண்டும். கேஸல் வண்டியில் வழக்கமான ஒரே ஆக்சில் வந்துவிட்டதால் இந்தப் பிரச்சினை இல்லை.

கருவிகளில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்று ரிங் ஸ்பேனர்கள் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றிவிடலாம். கையில் இருக்கிறதே என்று 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை 1/2 அங்குலப் போல்ட்டில் மாட்டினால், அது மாட்டிக்கொள்வது போலத்தான் தோன்றும், ஆனால் 12.7 மில்லிமீட்டர் தலையில் அந்தச் சிறு இடைவெளியே துருப்பிடித்த போல்ட்டின் முனைகளை உருட்டிவிடும். தேய்ந்த போல்ட்டுக்குப் பதிலாக மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்து முறுக்கிய வண்டிகளும் சந்தையில் நிறைய உண்டு; மரையைப் பார்த்துத்தான் எதையும் பூட்ட வேண்டும்.

உதிரிபாகங்கள்தான் ஹெரால்டை எடுப்பதற்குப் பலர் தயங்கும் காரணம். தயக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. பத்மினி மும்பையில் டாக்சியாக 2023 வரை ஓடியது. ஹெரால்டின் பொருள்களைச் செய்த தொழிற்சாலையோ 1988இலேயே நின்றுவிட்டது. சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டால் பல்பு, பேரிங், ஆயில் சீல், பிரேக் லைனிங் போன்ற பொதுப் பொருள்கள் கிடைக்கும். பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் வண்டியின் பெயரைச் சொல்லவே தேவையில்லை. புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் பொறுமையாக விசாரித்தால் எப்போதாவது ஒரு கைப்பிடியோ விளக்கு வளையமோ தட்டுப்படலாம். அதை நம்பி வேலையைத் திட்டமிட முடியாது. டயருக்குக் கவலை இல்லை. 13 அங்குலச் சக்கரம் என்பதால், சிறு கார்களுக்காக வரும் ரேடியல் டயர்களில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மறுபாதி நல்ல செய்தி. ஹெரால்டின் சேசிஸ், சஸ்பென்ஷன், இன்ஜின் குடும்பம் ஆகியவற்றை வைத்துத்தான் ட்ரையம்ஃப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து 1962 முதல் 1980 வரை விற்றது. அதை நேசித்து வைத்திருப்பவர்கள் பிரிட்டனில் ஏராளம் என்பதால், ட்ரன்னியன், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் சிலிண்டர், சேசிஸின் பக்கவாட்டுக் கைகள் வரை இன்றும் அங்கே புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. கூரியர் கட்டணமும் சுங்க வரியும் பொருளின் விலையைத் தாண்டும் சந்தர்ப்பம் உண்டு. ஆகவே சிறுசிறு பொருளாக வரவழைக்காமல், வண்டியை முழுக்கப் பிரித்து முடித்த பிறகு ஒரே பட்டியலாகத் தருவிப்பது சிக்கனம். இந்தியாவில் மட்டும் செய்த நான்கு கதவு வண்டியின் பின்கதவுகளும் அவற்றின் கண்ணாடியும் ரப்பரும்தான் எங்கும் கிடைக்காதவை. அப்படிப்பட்ட வண்டியை வாங்குபவர், இன்ஜின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கதவுகள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வயரிங் சிறியது, நேரடியானது. ஒரு மாலையில் படம் வரைந்து புரிந்துகொள்ளலாம். ஆனால் பேட்டரியைக் கையாளும் முன் அதன் எந்த முனை பாடியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு சேர்ப்பது வழக்கம். இன்றைய பழக்கத்தில் மாற்றி மாட்டினால் பின்னால் பொருத்திய மின்னணுச் சாதனங்கள் அந்தக் கணமே போய்விடும்.

பெயின்டிங் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: தகடு வேலை, பட்டி, பிரைமர் வரை வீட்டில் செய்யுங்கள், கடைசிப் பெயின்டை வீட்டில் அடிக்காதீர்கள். இன்று பட்டறைகளில் பரவலாகப் பயன்படும், ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது நுரையீரலை நிரந்தரமாகப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. சாதாரணத் துணி முகமூடியோ தூசி முகமூடியோ அதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக் கவசம் தேவை. குழந்தைகளும் அண்டை வீட்டாரும் இருக்கும் இடத்தில் அதைச் செய்வது முறையல்ல. ஹெரால்டில் இதற்கும் ஒரு வசதி இருக்கிறது: பானெட், கதவுகள், டிக்கி மூடி, கூரை, சில்லுகள் எல்லாம் தனித்தனியாகக் கழன்றே இருப்பதால் ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏற்றிப் பெயின்ட் பூத் வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்பி, உள் ஓரங்கள் வரை அடித்து வாங்கி வரலாம். பிரேக் டிரம்மைத் திறக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் காற்று வைத்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

கடைசியாக ஆவணங்கள். ஆர்.சி. இல்லாத ஹெரால்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், உதிரிக்காக அன்றி, சீரமைத்து ஓட்டுவதற்காக அதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் துருவை நீக்கி நேரில் படித்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம்; புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகள் செல்லுபடியாகும், புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. சேசிஸையோ பாடியையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றிய வண்டி அந்தத் தகுதியை இழக்கும் என்பதால், மாருதி இன்ஜினைத் திணித்து ஓடவைத்திருக்கும் ஹெரால்டை அந்தக் கணக்கில் வாங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போய்வர வேண்டும் என்று விரும்புகிறவர், வழக்கமான பதிவையே உயிரோடு வைத்து, எஃப்.சி. காட்டி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுவதே சரி. அதற்காக ஆய்வாளர் முன் கொண்டுபோய் நிறுத்தும் நாளுக்கு முன்பாகவே பிரேக், ஸ்டீயரிங் இரண்டையும் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் கையால் ஒரு முறை சரிபார்த்து வாங்கிவிடுங்கள்.